ஐ7 இருந்தால் கேம் ஓடுமா? குறைந்த காசில் கேமிங் கணினி வாங்குவோருக்கு

சாதாரண தரப் பரீட்சை முடித்த மகனோடு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்கு வரும் தகப்பன்மாரின் கையில் பெரும்பாலும் ஒரு துண்டு இருக்கும். அதில் எழுதியிருப்பது: "ஐ7, 16 ஜிபி, 500 வொட்". நண்பன் சொல்ல, மகன் எழுதியது. அந்தக் கணினியில் கேம் எப்படி ஓடும் என்று இந்த மூன்றில் எதுவுமே சொல்லாது. ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் புரொசசர் வரிசை ஒன்றின் பெயர்; அது எந்த வருடத்தது என்று இல்லை. 16 ஜிபி ரேம் ஒரு ஸ்டிக்கா இரண்டா என்று இல்லை. பவர் சப்ளையின் 500 வொட்டில் எவ்வளவு உண்மை என்று இல்லை. முக்கியமாக, கிராபிக்ஸ் காட்டின் பெயரே இல்லை.

ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்த காசு இந்தத் துண்டை நம்பிப் போகிறது. ஆகவே ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

## ஒரு கொத்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்

இரவு எட்டு மணி, காலி வீதியோரம் ஒரு கடை. ஒருவர் ஓடர் எடுக்கிறார்: "கோழிக் கொத்து ரெண்டு, முட்டைக் கொத்து ஒண்டு, ஒண்டுக்கு உறைப்புக் குறைவு." சூடான இரும்புக் கல்லுக்கு முன்னால் நிற்பவர் அதைக் கேட்டுக் கொத்துகிறார். உடனே தேவையான ரொட்டியும் முட்டையும் கல்லின் ஓரத்திலேயே கிடக்கும். அடுத்து வேண்டியவை பக்கத்து மேசையில். மா மூட்டை பின்னறையில். ஆக்கிய தட்டைப் பையன் மேசைக்குக் கொண்டு போகிறான்.

கேம் ஓடும் கணினியும் இப்படித்தான். திரையில் அசைவாகத் தெரிவது, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்கள். அப்படி ஒரு படத்துக்குப் பெயர் பிரேம். ஒரு செக்கனில் எத்தனை பிரேம் தயாராகிறது என்பதே எஃப்.பி.எஸ். 60 எஃப்.பி.எஸ். வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லிசெக்கனுக்குள் முடித்தாக வேண்டும்.

ஓடர் எடுப்பவர்தான் புரொசசர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு பட்டதா, கதவு திறந்ததா என்று கணக்குப் போட்டு "இதை வரை" என்று சொல்கிறது. கொத்துபவர் கிராபிக்ஸ் காட். வரைவது அதன் வேலை. கல்லின் பரப்புக்குச் சமமானது வி-ரேம், அதாவது கிராபிக்ஸ் காட்டின் சொந்த நினைவகம். பக்கத்து மேசை ரேம், அதாவது ஓடும் கேமுக்கு வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். பின்னறை எஸ்.எஸ்.டி., அதாவது கேம்கள் சேமிக்கப்படும் இடம். தட்டைக் கொண்டு போகும் பையன் மொனிற்றர். அடியில் எரியும் காஸ் பவர் சப்ளை.

தட்டின் அளவு ரெசலூஷன், அதாவது ஒரு பிரேமில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. 1080பி திரையில் 1920 பெருக்கல் 1080, ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 1440பியில் 36.9 இலட்சம். 4கே திரையில் 82.9 இலட்சம், அதாவது 1080பியின் நான்கு மடங்கு. தட்டு பெரிதானால் கொத்துபவருக்கு வேலை கூடும். ஓடர் எடுப்பவருக்கு ஒன்றும் மாறாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், கீழே பயன்படும்.

ஓடர் எடுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கொத்துபவர் செக்கனுக்கு 30 தட்டுத்தான் போடுவார் என்றால் மேசைக்கு வருவது 30தான். "பொட்டில்நெக்" என்று பயமுறுத்திப் பேசப்படுவது இவ்வளவுதான். அது பழுதல்ல. எந்தக் கணினியிலும் ஏதோ ஒன்று மற்றவற்றைவிட மெதுவாக இருந்தே தீரும். கேமிங் கணினியில் அது கிராபிக்ஸ் காட்டாக இருப்பதே நல்லது, ஏனென்றால் நிழல், புல், ரெசலூஷன் என்று குறைத்து அதன் வேலையைப் பாதியாக்கலாம். புரொசசரின் வேலையை அப்படி எளிதில் குறைக்க முடியாது.

சுருக்கமாக: புரொசசர் முடிவெடுக்கிறது, கிராபிக்ஸ் காட் வரைகிறது, இரண்டில் மெதுவானதன் வேகமே உங்களுக்குக் கிடைக்கும் வேகம்.

## "லாக்" என்ற ஒரே சொல், மூன்று வேறு குறைகள்

கேம் சரியாக ஓடாவிட்டால் எல்லோரும் சொல்வது "லாக் அடிக்குது". உண்மையில் அதற்குள் மூன்று குறைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, எஃப்.பி.எஸ். தொடர்ந்து குறைவாக இருப்பது. யார் காரணம் என்று கண்டுபிடிக்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கேமின் அமைப்பில் ரெசலூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் காட்தான் திணறியிருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் புரொசசர். தட்டைச் சிறிதாக்கியும் கடை வேகமாகவில்லையென்றால் கொத்துபவரைக் குறை சொல்ல முடியாதுதானே.

இரண்டாவது, சராசரி நன்றாக இருந்தும் இடையிடையே திக்கித் திக்கி ஓடுவது. ரேம் போதாமை, வி-ரேம் நிரம்புதல், கேமைப் பழைய ஹாட் டிஸ்கில் போட்டிருத்தல், சூடேறிய புரொசசர் தானாக வேகத்தைக் குறைத்தல், இவைதான் வழக்கமான காரணங்கள்.

மூன்றாவது பிங்: உங்கள் கணினியிலிருந்து கேமின் சேவருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம். வலோரன்ட் என்ற ஒன்லைன் கேம் விளையாடும் கொழும்புக்காரர் பெரும்பாலும் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ இணைகிறார். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிசெக்கன்; கேபிள் வளைந்து போவதும் இடையிலுள்ள ரவுட்டர்களும் அதற்கு மேல். எந்தக் கிராபிக்ஸ் காட்டும் இதில் ஒரு மில்லிசெக்கனைக்கூடக் குறைக்காது. பிங் ஏறி இறங்குகிறது என்றால் வைபையை விட்டு ரவுட்டருக்கு ஒரு கேபிள் இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் இலட்சம் ரூபா மிச்சமாகும் இடம் இது.

## முதலில் கிராபிக்ஸ் காட்

ரூபா விலை எதையும் இங்கே எழுதவில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியதை யாரும் மறக்கவில்லை. பாகங்கள் எல்லாம் டொலரில்தான் வருகின்றன. இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகலாம். பங்காகச் சொன்னால், பெட்டிக்குள் போகும் மொத்தக் காசில் 35 முதல் 40 வீதம் கிராபிக்ஸ் காட்டுக்கு. புரொசசருக்கு 15 முதல் 20. மிச்சம் மற்றவற்றுக்கு.

வி-ரேம் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். 4 ஜிபி காட்டில் புதிய கேம் ஓடும்போது கல்லில் இடமில்லாமல் போகிறது. கொத்துபவர் ஒவ்வொரு தட்டுக்கும் மேசைக்கு ஓடுகிறார். அப்போதுதான் சராசரி 50 என்று காட்டினாலும் திரை திக்கும். ஆனால் வி-ரேம் கூடியதால் மட்டும் காட் வேகமாகாது. கல் பெரிதாக இருந்து கை மெதுவாக இருந்தால் என்ன பயன்?

1080பிக்கு ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 நல்ல அளவுகோல். 2021இல் வந்தது, 8 ஜிபி, 132 வொட் மட்டுமே எடுக்கும். என்விடியாவின் 12 ஜிபி ஆர்.ரி.எக்ஸ். 3060 அதே வரிசை, 170 வொட். 2019இன் ஜி.ரி.எக்ஸ். 1650, வலோரன்ட், டோட்டா 2 போன்றவற்றுக்கு இன்றும் போதும். 4 ஜிபி என்பதால் புதிய பெரிய கேம்களுக்கு வேண்டாம். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. கிடைத்தால் கவனம். எல்லாப் பாகங்களும் செருகப்படும் பலகையான மதர்போட்டோடு பேச அதற்கு நான்கு பாதைதான் இருக்கிறது. பழைய மதர்போட்டில் போட்டால் அந்தப் பாதைகளின் வேகமும் பாதியாகி, 4 ஜிபி நிரம்பியவுடன் படுத்துவிடும்.

பாவித்த காட் வாங்குவது தவறல்ல. எங்கள் வருமானத்துக்கு அதுதான் பலருக்குச் சரியான வழி. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். விற்பவரின் இடத்துக்கே போங்கள். ஜி.பி.யு.-செட் என்ற இலவச மென்பொருளை அந்தக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள். பழைய காட்டின் உள்மென்பொருளை மாற்றிப் புதிய பெயர் காட்டும் மோசடி இருக்கிறது. பலவற்றை இந்த மென்பொருளே "போலி" என்று காட்டிவிடும். ஆர்.எக்ஸ். 580 என்று விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு: முழுமையானதில் 2304 கணிப்பு அலகுகள், வெட்டிய வகையில் 2048. பெட்டியில் இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்ணைப் பார்த்து விலை பேசுங்கள். பிறகு கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட விடுங்கள். நிறப் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினால் வி-ரேம் சாகிறது, விலையைக் குறைத்தாலும் வேண்டாம். காற்றாடி கரகரத்தால் அது சிறு செலவு. பின்பக்கத்து எல்லாத் துளைகளிலும் மொனிற்றரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுங்கள்.

## புரொசசர்: "ஐ7" பதவிப் பெயர், வருடம் அல்ல

ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்து வகுப்பில் மாணவனின் இடம். 2013இன் முதலாம் பிள்ளையை 2022இன் மூன்றாம் பிள்ளையோடு ஒப்பிட முடியாது, பாடத்திட்டமே மாறிவிட்டது. ஐ7-4770 வந்தது 2013இல்: நான்கு கோர், எட்டு திரெட். கோர் என்றால் தனியே வேலை செய்யக்கூடிய கணிப்புப் பகுதி. திரெட் என்றால் ஒரு நேரத்தில் கையாளும் வேலைவரிசை. ஐ3-12100எஃப் வந்தது 2022இல். அதுவும் நான்கு கோர், எட்டு திரெட்தான், ஆனால் கேமில் அந்த ஐ7ஐத் தெளிவாக முந்தும்.

பழைய அலுவலகக் கணினியின் உள்ளுறுப்புகளை வண்ண விளக்குக் கேசிங்கில் மாற்றி "ஐ7 கேமிங் பி.சி." என்று விற்பதைக் கண்டால் அந்த நான்கு இலக்க எண்ணைக் கேளுங்கள். நான்கில் தொடங்கினால் அது நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வலோரன்ட் ஓட ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் இயங்க வேண்டும். கணினி வேகமாக இருந்தும் கேம் திறக்காமல் போவது இப்படித்தான்.

ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600, இன்டெலின் ஐ5-12400எஃப் இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். மேலே சொன்ன கிராபிக்ஸ் காட்டுகளுக்கு இவை தாராளம். எட்டுக் கோர் வாங்கும் காசைக் கிராபிக்ஸ் காட்டில் போடுங்கள்.

இன்டெல் பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை; காட் இல்லாமல் திரையில் எதுவும் வராது. கிராபிக்ஸ் காட்டுக்கு இப்போது காசு போதாவிட்டால் ரைசன் 5 5600ஜி வாங்கி அதன் உள் கிராபிக்ஸிலேயே வலோரன்ட், டோட்டா 2 விளையாடிக்கொண்டிருந்து, ஆறு மாதத்தில் காட் சேர்க்கலாம்.

மதர்போட்டில் பார்க்க வேண்டியது சொக்கற், அதாவது புரொசசர் உட்காரும் இடத்தின் வகை. ரைசன் 5600க்கு ஏ.எம்.4, ஐ5-12400எஃப்புக்கு எல்.ஜி.ஏ.1700. பாவித்த பி450 மதர்போட்டில் உள்மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் ரைசன் 5600 திரை காட்டாது; கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்.ஜி.ஏ.1700 மதர்போட்டுகளில் டி.டி.ஆர்.4 ரேமுக்கானவையும் டி.டி.ஆர்.5க்கானவையும் தனித்தனியே வருகின்றன. ஒன்றின் ரேம் மற்றதில் செருகவே முடியாது.

சுருக்கமாக: பெயரில் ஐ எத்தனை என்பதைவிடத் தலைமுறை எத்தனை என்பது முக்கியம். ஆறு கோர் போதும்.

## ரேம், எஸ்.எஸ்.டி.

16 ஜிபி வேண்டும், ஆனால் ஒரே ஸ்டிக்காக அல்ல, 8 ஜிபி இரண்டாக. இரண்டு ஸ்டிக் என்றால் புரொசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதை திறக்கும். டி.டி.ஆர்.4-3200இல் ஒரு பாதைக்கு செக்கனுக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2. 5600ஜி போல உள் கிராபிக்ஸ் உள்ளதில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அதற்குத் தனி வி-ரேம் கிடையாது. நான்கு துளை உள்ள மதர்போட்டில் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பெரும்பாலான மதர்போட்டில் ஒரு பாதைதான் வேலை செய்யும். 2025இன் இறுதியில் உலகெங்கும் ரேம் விலை ஏறியதால், பாவித்த டி.டி.ஆர்.4 தேடுவதும் நியாயமே. ரேம் எளிதில் பழுதாகாது.

எஸ்.எஸ்.டி. 1 ரிபி என்றால் நிம்மதி. சில கேம்கள் தனியே 100 ஜிபியைத் தாண்டுகின்றன. சாதாரண சாட்டா வகை செக்கனுக்கு 550 எம்பி, என்.வி.எம்.இ. வகை 3,500 என்று எழுதியிருக்கும். கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் சில செக்கன்தான். விலை ஒன்றென்றால் என்.வி.எம்.இ.

## பவர் சப்ளை: லேபிளைப் படியுங்கள்

கேசிங்கோடு "இலவசமாக" வரும் பவர் சப்ளைதான் இந்த நாட்டில் கேமிங் கணினிகளுக்கு மிகப் பெரிய எதிரி. அதை வெளியே எடுத்துப் பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வொட் என்று இருக்கும். கீழே ஒரு சிறிய அட்டவணை இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற நிரலைத் தேடுங்கள். புரொசசரும் கிராபிக்ஸ் காட்டும் மின்சாரம் எடுப்பது அங்கிருந்துதான். அதில் 18 அம்பியர் என்று எழுதியிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வொட். உங்களுக்கு உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். மிச்சம், இன்றைய கணினி அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் கம்பிகளின் கணக்கு, அல்லது வெறும் மை.

ரைசன் 5600 முழு வேலையில் ஏறத்தாழ 76 வொட், ஆர்.எக்ஸ். 6600 132 வொட், மதர்போட், ரேம், காற்றாடிகளுக்கு 50 வொட் என்று வைத்தால் 258. கிராபிக்ஸ் காட் மில்லிசெக்கன் அளவில் இதற்கு மேலும் திடீரென்று இழுக்கும். 216 வொட் காரன் அங்கே தளர்வான்: பெரிய சண்டைக் காட்சியில் கணினி தானாக அணைந்து மீண்டும் எழும்பும். பலர் இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மீண்டும் போடுகிறார்கள். +12 வோல்ட்டில் மட்டும் 450 வொட்டுக்கு மேல் தரும், உண்மையான 550 வொட் பவர் சப்ளை இந்தக் கணினிக்கும் அடுத்த கணினிக்கும் உழைக்கும். 80 பிளஸ் என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. தரத்துக்கு அது முழு உத்தரவாதம் அல்ல. ஐந்து வருட வொரன்டி அதைவிட நல்ல அடையாளம்.

## எங்கள் வீடுகளுக்கென்று சில விஷயங்கள்

கேசிங்கைத் தொட்டால் மெல்லிய சுரீர் வருகிறதா? ஏர்த் இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டியில் மின்கம்பி இரண்டையும் உலோக உடலோடு இணைக்கும் சிறிய கொள்ளளவிகள் உண்டு. அந்தச் சிறு கசிவு ஏர்த் கம்பி வழியாகப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் உடல் 230 வோல்ட்டின் பாதியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுரீரோடு நிற்கிறது. ஆனால் உண்மையான கசிவு ஒன்று வந்தால் காப்பாற்ற ஏர்த் இருக்காது. பழைய அனெக்ஸ்களில் இரண்டு முள் அடாப்டரில் கணினியைச் செருகாதீர்கள். மூன்று முள் பிளக் இருந்தாலும் சுவருக்குப் பின்னால் ஏர்த் கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

யூ.பி.எஸ். வாங்கினால் வி.ஏ. எண்ணை வொட் என்று எண்ண வேண்டாம். 650 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 வொட். மேலே கணக்குப் பார்த்த கணினியும் மொனிற்றரும் சேர்ந்து 300ஐத் தொடும். பற்றரி பழசானால் மின்வெட்டு வந்த நொடியே எல்லாம் அணையும். 1000 வி.ஏ.க்கு மேல் பாருங்கள். அதுவும் சேமித்து அணைப்பதற்கு மட்டுமே, ஆட்டத்தை முடிப்பதற்கு அல்ல.

ஏ.சி. இல்லாத அறையில் பகலில் 31 பாகை. கேசிங்குக்கு முன்னால் முழுக் கண்ணாடி என்றால் காற்று எங்கிருந்து வரும்? வலைமுகம் உள்ளதை எடுங்கள், காற்றாடி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து மாடி வீடென்றால் சன்னலோரம் வைக்க வேண்டாம். உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும்.

## முதல் நாள்

மொனிற்றர் கேபிளை மதர்போட்டில் அல்ல, கிராபிக்ஸ் காட்டில் செருகுங்கள். புதுக் கணினி மெதுவாக ஓடுகிறது என்ற முறைப்பாடுகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது. பயோஸில், அதாவது மதர்போட்டின் அமைப்புத் திரையில், எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக அமைப்பை இயக்குங்கள், இல்லாவிட்டால் 3200 ரேம் 2133இலோ 2400இலோ ஓடும். விண்டோஸில் திரையின் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது மொனிற்றர் ஒரு செக்கனில் படத்தை மாற்றும் தடவை, 144 ஹேர்ட்ஸ் மொனிற்றரிலும் 60இல் நிற்கக்கூடும். கையால் மாற்ற வேண்டும்.

பிறகு கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். கிராபிக்ஸ் காட் 80 பாகைக்குள் நின்றால் நல்லது. 85ஐத் தாண்டினால் கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பத்துப் பாகை இறங்கினால் குற்றம் காட்டில் இல்லை, கேசிங்கில். பற்றுச்சீட்டும் பெட்டிகளும் கையில் இருக்கும்போதே அதை மாற்றிக்கொள்ளுங்கள்.